நீள லைன்

கேக் டப்பாவை மேசையில் வைத்த கையோடு, கணவனின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை. இன்றைக்கு எல்லாமே நல்லபடியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மின்சார அலுவலகத்தில் அவளுக்குக் கட்டணப் பிரிவு. கம்பியில் போகும் வழியிலேயே மின்சாரம் கொஞ்சம் சூடாகி வீணாகும். அந்த நஷ்டத்தை இதுவரை எல்லோரும் பங்குபோட்டுக் கட்டினார்கள். தூரத்தில் இருப்பவர்களால்தானே அதிக நஷ்டம், அவர்களே கட்டட்டும் என்று திட்டம் போட்டவள் அவள்தான். மூன்று மாதம் சோதனை. நஷ்டம் குறையாவிட்டால் திட்டம் குப்பைக்கு, அவள் வேறு ஊருக்கு.

இருப்பதிலேயே நீளமான லைனின் கடைசியில் ஓர் இரும்பு உருக்கும் ஆலை. அங்கேதான் கணவனுக்கு உலை வேலை. "எங்க முதலாளி தாங்குவாரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். உங்க ஆலைக்காகக் கணக்கை வளைக்க முடியுமா என்று அவள் சிடுசிடுத்ததும் அதோடு விட்டுவிட்டான். பாவம், வாயில்லாப் பூச்சி.

அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கழற்றிப் போட்ட சட்டையை எடுத்தவள் காலரைப் பார்த்தாள். ஊறவைத்தாலும் போகாத கரி, இப்போதெல்லாம் படிவதே இல்லை. சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்களா, மாப்பிள்ளை மாதிரி வர்றீங்களே என்று சீண்டினாள். அவன் சிரிக்கவில்லை.

"உங்க லைன்தாங்க என்னைக் காப்பாத்துச்சு. இந்த மாசம் நஷ்டம் பாதிக்கும் கீழ போயிடுச்சு" என்றாள்.

அந்த லைனில் எத்தனை யூனிட் ஓடியது என்ற விவரம் அடுத்த வாரம்தான் வரும். அதற்குள்ளேயே மேலதிகாரி கைகொடுத்துவிட்டாராம். நாளை அவள் கையெழுத்துப் போட்டால் எல்லா லைனுக்கும் இதே கட்டணம். உங்க முதலாளி கரண்ட் குறைவா இழுக்கிற புது உலை வாங்கிட்டாரா என்று கேட்டபடியே கேக்கை வெட்டினாள்.

அவள் நீட்டிய துண்டை அவன் வாங்கவில்லை. "நாளைக்குக் கையெழுத்துப் போடாத" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. நான் நல்லா வர்றது உங்களுக்கே பொறுக்கலையா என்று கேட்டேவிட்டாள்.

அவன் எழுந்தான். கழுவி வைத்திருந்த டிபன் பாக்ஸை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத மூலையில் வைத்தான்.

"ஆலையை மூடி இருபது நாளாச்சும்மா."