ஐந்தாம் தெருவின் வருகைப் பதிவு

அப்தோன் மூன்றாவது இறைச்சிப் பணியாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"உப்பு பத்தலையே தங்கச்சி. உப்பு மேலயே ஊரைக் கட்டி வாழ்ந்தோம், உன் கைக்கு மட்டும் அது வர மாட்டேங்குது."

ஒத்திலியா சிரித்தாள். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கேலிக்குச் சிரித்துச் சிரித்து, அவளுடைய உதடுகள் தாமாகவே விரியப் பழகியிருந்தன.

அவர்கள் அமர்ந்திருந்தது அப்தோனின் வீடு. அதாவது, வீடு இருந்த இடம்.

வெடியுப்புக் கம்பெனி சுரங்கத்தை மூடியபோது கதவு, கூரை, சன்னல் சட்டம் அனைத்தையும் ஏலத்தில் விற்றுவிட்டது. சாந்தா பிரிகிதா என்னும் ஊரில் இன்று எஞ்சியிருப்பவை அடித்தளக் கற்களும் ஒரு சுடுகாட்டு வெயிலும் மட்டுமே.

ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் துறைமுக நகரத்திலிருந்து பேருந்துகளில் வருவார்கள். அவரவர் கற்களுக்குள் நாற்காலி போடுவார்கள்; துணிப்பந்தல் கட்டுவார்கள். வாசல் இருந்த இடத்தின் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். சுவர் இருந்த இடத்தைத் தாண்டி வருவது மரியாதையன்று.

அப்தோனின் கற்களுக்குள் ஒத்திலியாவைத் தவிர எவரும் வந்து அமர்ந்ததில்லை. மனைவி மக்கள் இல்லாத மனிதரை இப்படித் தனியே விடலாமா என்று அவள் பலரைக் கடிந்திருக்கிறாள்.

அவர் அவளுடைய மகளுக்கு ஞானத்தந்தை. இராணுவ ஆட்சி வந்த ஆண்டில் அவளுடைய அண்ணன் லிசாந்த்ரோவை இராணுவ வண்டி ஏற்றிச் சென்ற நாள் முதல், அண்ணனின் இடத்தில் நின்றவர். அந்த ஆண்டு பாதித் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அப்தோன் மேஸ்திரி ஆனார். அதை அவள் அவருடைய திறமை என்றே கருதியிருந்தாள்.

ஒன்பது நாட்களுக்கு முன்பு நீதிமன்றத்திலிருந்து அவளுக்கு ஒரு நகல் வந்தது.

இராணுவத்துக்கு எழுதித் தரப்பட்ட பன்னிரண்டு பெயர்கள். அனைவரும் தொழிற்சங்கத்தார். பன்னிருவரில் ஒருவரின் எலும்பைக்கூடப் பாலைவனம் இன்றுவரை திருப்பித் தரவில்லை. மூன்றாவது பெயர் லிசாந்த்ரோ. கீழே இருந்த கையொப்பத்தை அவள் அறிவாள். மகளின் ஞானஸ்நானச் சான்றிதழில் அதுவே இருக்கிறது.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. தானே ஊட்டி வளர்த்த உறவை இன்று தானே குற்றம் சாட்டினால், ஊரார் நம்புவார்களா?

ஒத்திலியா கைகளைத் துடைத்துக்கொண்டு, மிக இயல்பான குரலில், அந்தக் காலத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தவன் யாராக இருக்கும் என்று கேட்டாள்.

அப்தோன் தட்டிலிருந்து கண்களை உயர்த்தவில்லை.

"எவனோ ஒரு பாவி. இந்நேரம் செத்துத் தொலைஞ்சிருப்பான். அத ஏன் இப்பக் கிளறுற?"

மற்றவர்கள் ஆலைச் சங்கு இருந்த மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஆண்டுதோறும் ஊர்ப் பதிவேட்டிலுள்ள பெயர்களைத் தெருத்தெருவாக வாசிப்பார்கள்; இவ்வாண்டு வாசிக்கும் முறை ஒத்திலியாவுடையது.

அவள் பதிவேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தாள். ஐந்தாம் தெருவில் வாழ்வோர் வரிசையிலிருந்து ஒரு பெயரை அடித்தாள். இறந்தோர் வரிசையின் இறுதியில் அதை எழுதினாள்.

மேட்டின் மீது தோமிதிலா அவளுக்குக் குடை பிடித்தாள். இன்று ரொட்டிக்கடை நடத்தும் தோமிதிலா, ஊர் இருந்த நாளில் ஒத்திலியாவின் அடுத்த வீட்டுக்காரி. அந்தப் பன்னிருவரில் ஒருவரின் மனைவி.

வாழ்பவரின் பெயரை வாசித்தால் அவரே எழுந்து "உள்ளேன்" என்பார். ஒவ்வொரு தெருவின் முடிவிலும் இறந்தோரின் பெயர்கள் வரும். அவர்களுக்காக ஊரே ஒரே குரலில் "உள்ளார்" என்று சொல்லும்.

நான்கு தெருக்கள் முடிந்தன.

ஐந்தாம் தெருவில் அப்தோனின் பதினோராம் எண் வீட்டை அவள் வாசிக்காமல் கடந்தாள். பாதி எழுந்த அப்தோன், அவள் தவறவிட்டுவிட்டாள் என்று எண்ணியவராய்ப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த மனிதர் திரும்பிப் புன்னகைக்கவில்லை.

இனி நடக்கப்போவதை ஒத்திலியா ஒன்பது இரவுகள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். பெயரைக் கேட்டதும் ஊர் திகைக்கும். அவர் அதோ நிற்கிறாரே, உனக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்கள். அப்போது மேலங்கிப் பையிலிருந்து நகலை எடுத்து அவள் உரக்க வாசிப்பாள். அவளுக்கு இருந்த அச்சம் ஒன்றே: கேட்பதற்கு முன்பே அவர்கள் சிரித்துவிடக் கூடாது.

இறந்தோர் எழுவரின் பெயர்களுக்கும் பதில் வந்தது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்தோன் ரிகெல்மே."

"உள்ளார்."

இருநூறு குரல்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பிந்தவில்லை. ஒருவர்கூடத் தலையைத் திருப்பி அவரைப் பார்க்கவில்லை.

அப்தோன் எழுந்து நின்றிருந்தார். அவருடைய வாய் அசைந்தது. அவர் சொன்னது எவர் காதிலும் விழவில்லை.

ஒத்திலியாவின் கை, பைக்குள் நகலைப் பற்றியபடியே நின்றுவிட்டது. அவள் காத்திருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை.

தோமிதிலா குடையைச் சற்றுச் சாய்த்து, அவள் காதருகே குனிந்தாள்.

"இன்னைக்காவது மனசு வந்துச்சே உனக்கு. நாப்பது வருசமா நீ அவன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுத்தான்டி, இந்த ஊரே வாயத் தொறக்கல."