மழைக்கு ஆகாத டயர்

“இருக்கிறதிலேயே நல்லா பிடிக்கிற டயரா காட்டுங்க தம்பி. ரேஸ் ட்ராக்குல ஓட்டுறதுக்கு.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. இவருக்கும் ரேஸ் ட்ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. அதையெல்லாம் முகத்தில் காட்டினால் வியாபாரம் நடக்குமா?

“ட்ராக்குக்குன்னே தனியா வண்டி வச்சிருக்கீங்களா சார்?”

“இல்ல, வீட்டு வண்டிதான். காய்கறி வாங்கவும் அதுதான், ட்ராக்குக்கும் அதுதான்.”

“அப்ப நீங்க ஞாயித்துக்கிழமை ரேஸர்னு சொல்லுங்க!” என்று சிரித்தார் கடைக்காரர். வந்தவர் சிரிக்கவில்லை.

சொந்தக் காரையே ட்ராக்குக்குக் கொண்டுபோய், ஆசை தீரச் சுற்றிவிட்டு, அதே காரில் வீடு திரும்பும் ஆட்கள் அந்தக் கடைக்கு நிறையவே வருவார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள். டயர் விஷயத்தில் அவர்களுக்குத் தெரிந்தது கால்வாசி, அடித்துவிடுவது முக்கால்வாசி.

கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்தினார்.

“இது சாதாரண ரோட்டு டயர். ட்ராக்குல நாலு சுத்து வேகமா போனாலே சூடாகி, பிடிப்பு போயிடும். இது ட்ராக்குக்குன்னே செஞ்சது. சூடு ஏற ஏறத்தான் பிடிக்கும். தொட்டுப் பாருங்க, ரப்பரே மெத்துனு இருக்கும்.”

வந்தவர் தொட்டுப் பார்த்தார். மழமழவென்றிருந்த ரப்பரில் இரண்டே இரண்டு கோடுகள்தான் வெட்டியிருந்தன. ஒரு கோட்டில் விரலை வைத்தபடியே கேட்டார்.

“மழையில?”

“ஐயோ, ஆகவே ஆகாது சார். தண்ணி வெளியே போக வழி வேணுமே? ரெண்டு கோடு எந்த மூலைக்கு? வண்டி தண்ணி மேலயே மிதக்கும்.”

“ஸ்டியரிங் திடீர்னு கையில பஞ்சு மாதிரி லேசாயிடும். பிரேக்கை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி அது பாட்டுக்குப் போகும். அப்படித்தானே?”

“அப்படியேதான்! அதனாலதான் இந்த டயர் நாலையும் ரிம்மோட வண்டியில ஏத்திட்டுப் போகச் சொல்வேன். அங்க போய் இதை மாட்டி ஓட்டணும். முடிச்சதும் கழட்டிட்டு, ரோட்டு டயரைப் போட்டுக்கிட்டுத்தான் கிளம்பணும். முக்கால் மணி நேர வேலை. அதுக்கு அலுத்துக்கிட்டா உயிருக்கே உத்தரவாதம் இல்லை.”

“இதை எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?”

“சொல்றது மட்டுமில்ல சார், அவங்க வாயாலயே திருப்பிச் சொல்ல வைப்பேன். ‘மழை வந்தா இந்த டயரோட ரோட்டுல இறங்க மாட்டேன்.’ சொன்னாத்தான் டயர் கொடுப்பேன். ஸ்கூல் பிரேயர்னு பசங்க கிண்டல் பண்றாங்க. பண்ணிட்டுப் போகட்டும்.”

வந்தவர் டயரிலிருந்து விரலை எடுத்தார். பிறகு செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நீலக் கார் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பையன்.

“அட, இந்தத் தம்பியா! நல்லா ஞாபகம் இருக்கே. வாத்தியார் முன்னாடி நிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு, கேக்காமலே ரெண்டு தடவை சொன்னாரு. எப்படி இருக்காரு?”

“என் பையன். போயிட்டான். ஆறு மாசம் ஆச்சு. ட்ராக்குலேர்ந்து வீட்டுக்குத் திரும்புற வழியில. நல்ல மழை. இதே டயர்.”

கடைக்காரர் டயரை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் எதற்காகப் பயந்து பயந்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தாரோ, அதுவே நடந்துவிட்டது.

“சார், சத்தியமா நான் சொன்னேன் சார்.”

“சண்டை போட வரலை தம்பி. டயர் வாங்கவும் வரலை. நீங்க சொல்லாம விக்கிற ஆளா இருக்கக்கூடாதான்னு ஒரு நப்பாசையில வந்தேன்.” அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “இந்த டயரைப் பத்தி அவன் அம்மாகிட்ட யாரோ பேசியிருக்காங்க. நாளைக்கு இங்க வருவா. மழைக்கு ஆகாதுன்னு சொல்லித்தான் கொடுத்தீங்களான்னு கேப்பா. சொல்லலைன்னு சொல்லிடுங்க.”

“அந்தப் பழியை நான் ஏத்துக்கணுமா சார்?”

“அவளை நீங்க ஒருநாள்தான் பார்க்கப் போறீங்க. நான் தினமும் பார்க்கணும்.”

கடைக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரில் ஒருவர் விடாமல் எச்சரிக்கிறவன் என்று பேர் எடுத்தவர், ஒரு சாவைத் தன் தலையில் போட்டுக்கொள்வதா? ஆனால் அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் போய்ச் செத்தான் என்று தெரிந்தால் பெற்றவள் வயிறு எப்படி எரியும் என்று நினைத்தபோது, அவருடைய கண்ணே கலங்கிவிட்டது.

“சரி சார். சொல்ல மறந்துட்டேன்னு சொல்லிடறேன். என்னைத் திட்டிட்டுப் போகட்டும். பையன் பேச்சைக் கேக்காம வண்டியை எடுத்துட்டான்னு அவங்க நினைக்க வேண்டாம்.”

கையெடுத்துக் கும்பிடப் போனவர், கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் கையைக் கீழே போட்டார்.

“கேட்டான் தம்பி. மழையைப் பார்த்ததும் டயரை மாத்தத்தான் உட்கார்ந்தான்.”

“அப்புறம் எப்படி சார்?”

“சாவியைப் பிடுங்கி வண்டியை ஓட்டினது நான்.”