அம்மன் கயிறு

"இன்னும் ஒரு அடி வெச்சீங்க, வெளக்குமாறுதான் பேசும்."

"சண்டைக்கு வரல தங்கச்சி. தங்கராஜுவைப் பார்த்துட்டுப் போறேன்."

"பார்க்க வந்தவரு கையில எதுக்குண்ணே போத்தல்?"

அழகப்பன் காகிதம் சுற்றிய சம்சுச் சாராயத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ரத்தினம்மா விளக்குமாற்றோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

ஜப்பான்காரன் காலத்திலிருந்து அவள் கணவன் தங்கராஜுவும் இவனும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். சாயங்காலமானால் ஒன்றாகக் குடித்தவர்கள். இவன் நிழல் பட்டாலே அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

நாற்பது நாளைக்கு முன்னால், சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, தங்கராஜுவின் கையில் மஞ்சள் கயிறு கட்டினாள். அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. சோறுகூடக் கேட்கவில்லை. "விரதத்துக்குக் கஞ்சி போதும். அதையும் துணியில வடிகட்டிக் குடு" என்றான். வெள்ளிக்கிழமை அவள் பால்குடம் எடுக்க வேண்டும்.

"எத்தனை போத்தலைப் பிடுங்கி ஊத்தியிருக்கேன்! இந்தத் தெருச் சாக்கடைக்கு இன்னும் போதை தெளியல. மறுபடி ஆரம்பிச்சு வைக்காதீங்கண்ணே."

அழகப்பன் சிரிக்கவில்லை. "கிரேன் ஓட்டுவானே சேதுபதி, அவனும் இப்படித்தான் திடீர்னு விட்டான்."

"அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே."

"ஆறே மாசம். முதல்ல சோறு எறங்கல. அப்புறம் தண்ணியும் எறங்கல. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், 'எத்தனை வருஷமாக் குடிக்கிறே?'ன்னுதான் முதல்ல கேட்டாரு. உணவுக்குழாயில புத்துநோயாம். வருஷக்கணக்காக் குடிக்கிற ஆம்பளைங்களுக்கு அது அதிகமா வருதாம்."

"எங்க வீட்டுக்காரரைத்தான் அம்மன் காப்பாத்திட்டாளே!"

"நீ கயிறு கட்டுனதுக்கு முதல் நாள், கள்ளுக்கடையில என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் வெச்சான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் துப்பினான். திரும்ப வெச்சான், திரும்பத் துப்பினான். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

ரத்தினம்மா வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"இது எனக்குன்னு வாங்குனேன். தெறக்கவே பயமா இருக்கு" என்று அவன் போத்தலைப் பார்த்தான்.

விளக்குமாறு கீழே விழுந்தது. அவள் போத்தலைப் பிடுங்கினாள். சுவரில் அடிப்பாள் என்று அழகப்பன் விலகிக்கொண்டான். அவள் உள்ளே ஓடினாள்.

தங்கராஜு பாயில் உட்கார்ந்திருந்தான். காலையில் வைத்த கஞ்சி ஏடு கட்டி அப்படியே இருந்தது. கட்டும்போது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த கயிறு, இப்போது முழங்கைப் பக்கம் நழுவிக் கிடந்தது.

அவன் எதிரில் மண்டியிட்டாள். சாராயத்தைக் குவளையில் ஊற்றினாள். பாதி பாயில் சிந்தியது. குவளையை அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.

"ஒரே ஒரு வாய், மாமா... குடிச்சுக் காட்டுங்க."