சிவப்புப் பெட்டி

ஐந்து மாத்திரை அட்டைகளையும் சீட்டுக்கட்டு மாதிரி சூப்பர்வைசரின் மேஜையில் விரித்து வைத்தாள் கழுகுக்கண். ஒவ்வொன்றிலும் ஒரு குழி காலி.

"ஒரே நாள்ல அஞ்சு. இதுக்கு மேலயும் அவளை அந்த இடத்துல வெச்சுக்கிட்டீங்கன்னா, அப்புறம் உங்க இஷ்டம் சார்."

கழுகுக்கண் என்பது தொழிற்சாலை அவளுக்கு வைத்த பெயர். ஓடும் பெல்ட்டின் கடைசியில், வெள்ளை விளக்கின் கீழே உட்கார்ந்து, மாத்திரை விழாத குழியைக் கண்டுபிடித்து அந்த அட்டையை எடுத்துப் போடுவது வேலை. பதினெட்டு வருஷமாக அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் இடத்துக்கு முன்னே ஒரு கேமராவை மாட்டினார்கள். காலிக் குழி தெரிந்தால் அதுவே அட்டையைச் சிவப்புப் பெட்டியில் தள்ளிவிடும். கேமராவின் கண்ணாடியைத் துடைப்பதும், பெட்டியைக் கொட்டி வைப்பதும் பக்கத்தில் நிற்பவளின் பொறுப்பு. அவளுக்குக் கழுகுக்கண் வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

"ஒழுங்கா துடைச்சா தினம் மூணு என் கைக்கு வருமா? நான் விட்டுட்டேன்னு வைங்க. யாரோ ஒரு மனுஷன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அட்டையைப் பிரிப்பான். உள்ளே ஒண்ணும் இருக்காது."

அந்த மனுஷனை அவள் நினைக்காத நாளில்லை. கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் கடல் தாண்டிப் போய்விட்டான். வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர்க் கடிகாரம்தான்.

கேமரா வந்த புதிதில் இரண்டு வாரம் ஒரு காலி அட்டைகூட வரவில்லை. யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. ஒருநாள் டீ நேரத்தில், போயும் போயும் தூங்குமூஞ்சியிடம் சொல்லிவிட்டாள். காலையில் எதற்கு எழுந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று. தூங்குமூஞ்சி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரமாவது 'டிக் டிக்' என்னும்.

நல்லவேளை, கேமராவின் சாயம் சீக்கிரமே வெளுத்தது. தினம் இரண்டோ மூன்றோ தப்பி வர ஆரம்பித்தன. பிறகு மூன்று என்று நிலைத்தது.

பேக்கிங்கில் ஒருத்தி, வாழ்க்கைக்கு அர்த்தம் கண்டுபிடித்துத் தரும் வகுப்பு ஒன்றுக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தாள். இவளையும் கூப்பிட்டாள்.

"தேடுறவங்க தேடட்டும்டி. எனக்குத் தினம் கையில வந்து விழுது" என்றாள் கழுகுக்கண். எல்லோரும் சிரித்தார்கள், தூங்குமூஞ்சி உட்பட.

இன்று கணவன் போன தேதி. காலையில் உடை மாற்றும் அறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது தூங்குமூஞ்சி வந்து என்ன என்று கேட்டாள். சொன்னாள். "ஓ" என்றுவிட்டுப் போய்விட்டாள். அந்த எரிச்சல் ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் இந்த ஐந்து.

தூங்குமூஞ்சியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவள். ஏதாவது ஒரு காரணம் சொன்னால் விட்டுவிடுவதாகக்கூடச் சூப்பர்வைசர் சொல்லிப் பார்த்தார். அவள் கழுகுக்கண்ணை ஒரு தரம் பார்த்தாள்.

"என் கவனக்குறைவுதான் சார்."

கையெழுத்துப் போட்டாள். அன்றோடு வேலை போயிற்று.

சாயங்காலம் வாசல் கேட்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"நாளைக்கும் வேலைக்கு வந்துடுங்கக்கா" என்றாள் தூங்குமூஞ்சி.

வேலை போயும் வாய்க்கொழுப்பு போகவில்லை பார் என்று நினைத்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தாள் கழுகுக்கண்.

மறுநாள் ஒரு காலி அட்டைகூட வரவில்லை. பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. விளக்கைத் துடைத்தாள். மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அட்டையைப் பிரிக்கும் மனிதன் தூக்கத்திலும் வந்து நின்றான்.

பதினோராம் நாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"என் கண்ணு போயிடுச்சு சார். எல்லாத்தையும் விட்டுக்கிட்டிருக்கேன். எத்தனை பேர் கைக்குப் போச்சோ."

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா. கேமராவைத் தாண்டி எதுவும் வராது. மாட்டின நாள்லேர்ந்து ஒண்ணுகூட வந்ததில்லை."

"தினம் மூணு வந்துச்சே."

"அதைத்தான் நானும் இப்பப் பார்த்தேன்."

நோட்டை அவள் பக்கம் திருப்பினார். கேமரா தள்ளியது நாற்பத்தொன்று. பெட்டியில் இருந்தது முப்பத்தெட்டு. முப்பத்தாறு, முப்பத்துமூன்று. பக்கம் பக்கமாக அப்படியே போயிற்று.

"அந்தம்மாதான் பெட்டியிலேர்ந்து எடுத்து, கேமராவுக்கு இந்தப் பக்கம் திரும்பவும் பெல்ட்டுல போட்டிருக்காங்க. உங்களுக்கு வீண் வேலை. அவங்க போனப்புறம் எண்ணிக்கை சரியா இருக்கு."



"அவ இப்ப எங்க இருக்கா?"

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். போனும் எடுக்கலை."

"அப்ப... நான் எதுக்கு சார்?"

"கடைசியில ஒரு ஆள் இருக்கணும்னு விதி இருக்கேக்கா. நீங்க பாட்டுக்கு உட்கார்ந்திருங்க, போதும். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்பது வருஷம். கவலையே இல்லை."

அவள் நகரவில்லை. அவரும் நோட்டை மூடவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"ஒண்ணுதான்க்கா எனக்குப் புரியவே இல்லை. மத்த எந்த நாளும் மூணுக்கு மேல இல்லை. அந்தக் கடைசி நாள் மட்டும் அஞ்சு எடுத்துப் போட்டிருக்காங்க. அன்னிக்கு அப்படி என்ன விசேஷம்?"