குருத்தில் கை வைத்தவர்

சச்சிதானந்தனுக்குக் கை ஒரு இடத்தில் சும்மா இருக்காது. போன வீட்டிலெல்லாம் எதையாவது தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், சில நேரம் உடைத்தும் வைப்பார். கேட்டால், "சும்மா பார்த்தனான்" என்பார். அறுபது வயது மனுசன். தனிக்கட்டை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே தனேஸ்வரி சொல்லிவிட்டாள்.

"அண்ணை, சாப்பிட வந்தனீங்கள், வடிவாச் சாப்பிட்டுப் போங்கோ. என்ர பாம் மரத்தில மட்டும் கை வைக்காதேங்கோ."

மரம் என்று பெயர்தான். வாசலோரம், தென்னம்பிள்ளை மாதிரி, இடுப்பளவு உயரம். எந்தக் குளிரையும் தாங்கும் என்று நேர்சரிக்காரன் சத்தியம் பண்ணாத குறையாக விற்றது. அவர்கள் இருந்த கிரான்பர்னில் மூன்று நாள் விடாமல் உறைபனி படிந்ததில், ஓலையெல்லாம் கருகிப் கூட்டித் தேய்ந்த பழைய தும்புத்தடி மாதிரி நின்றது.

"இது செத்துப் போச்சுப் போல," என்றார் சச்சி.

"சாகேல்லை. நேர்சரியில கேட்டனான், நடுக்குருத்து உயிரோட இருக்காம். கருகின ஓலையை வெட்டாமல், குருத்தை இழுத்துப் பார்க்காமல், குளிர் முடியும் வரைக்கும் விடச் சொன்னவங்கள். இழுக்கிற ஆள் ஆராயிருந்தாலும் பிறகு இந்த வீட்டுப் படி ஏறேலாது. இவருக்கும் சேர்த்துத்தான் சொல்லி வைச்சிருக்கிறன்."

'இவர்' என்றது புருசன் விக்னராஜாவை. சச்சியின் முப்பது வருசக் கூட்டாளி. பக்கத்தில் நின்று பயபக்தியோடு தலையாட்டினார்.

தனேஸ்வரி நண்டுக்கறியைப் பார்க்கக் குசினிக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சச்சியின் கையில் குருத்து.

"ஐயோ, என்ர மரம்..."

உண்மையாகவே அழுதுவிட்டாள். இரண்டு வருசமாகப் பிள்ளை மாதிரிப் பார்த்த மரம்.

விக்னராஜா முந்திக்கொண்டார். "உனக்கென்ன அறிவில்லையோ? கை நமைச்சல் எண்டால் உன்ர வீட்டுச் சுவரைச் சொறியன். இவ்வளவு சொல்லியும் பிடுங்கி வைச்சிருக்கிறாய்."

சச்சி குருத்தின் அடியைப் பார்த்தார். பிறகு விக்னராஜாவைப் பார்த்தார்.

"ஓம் தங்கச்சி, நான்தான் இழுத்தனான். பிழைதான்."

"போங்கோ அண்ணை. இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."

கிழமைக்கு ஒருநாள் கிடைக்கிற வீட்டுச் சாப்பாடும் அதோடு சரி. நண்டுக்கறி வாசம் ரோட்டு வரைக்கும் வந்தது. மனுசன் வெறும் வயிற்றோடு காருக்கு நடந்தார்.

பின்னாலேயே விக்னராஜாவும் வந்தார், உள்ளே இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று திட்டிக்கொண்டே. "முப்பது வருசம் பழகினதுக்கு நல்ல மரியாதை செய்திட்டாய்."

சச்சி பொக்கற்றிலிருந்து கார்த் திறப்பை எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது கையை விக்னராஜாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

"நான் வரக் கொஞ்சம் முந்தி நீ இழுத்துப் பிடுங்கிப்போட்டு, சுப்பர் குளூ பூசித் திருப்பிச் செருகி வைச்சிருக்கிறாய். அது காயுற வரைக்குமாவது என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாம், மச்சான்."

விக்னராஜா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப ஏன் அவளிட்டைச் சொல்லேல்லை?"

"இழுத்தவன் படி ஏறேலாதெண்டு சொல்லிப்போட்டாளே. எனக்கெண்டால் போறதுக்கு ஒரு வீடு இருக்கு. நீ எங்க போவாய்?"