மயில்கழுத்துச் சீலை

இராசமலரின் கையில் தொங்கிய துணிப்பையைக் கண்டதும், அரிசி வாங்க வந்ததே புஸ்பராணிக்கு மறந்துபோயிற்று.

மயில்கழுத்து நிறம். மஞ்சள் கரை. கரை நீளத்துக்குச் சின்னச் சின்ன மாங்காய்.

அது புஸ்பராணியின் சீலை. அலுமாரி மேல்தட்டில், பூச்சி உருண்டை போட்டு மடித்து வைத்திருந்த சீலை.

"இஞ்சேர் இராசமலர், இந்தத் துணி ஆர் தந்தது?"

ஸுஹைர் நானாவின் கடையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இராசமலர் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு சிரித்தாள்.

"நீங்க தந்ததுதானே அக்கா. மறந்துபோனீங்களே?"

"செயலாளர் எண்டா இப்பிடி இருக்கவேணும்!" என்றார் மாதர் சங்கத் தலைவி அன்னலட்சுமி ரீச்சர். "மற்றாக்கள் கிழிசலைத் தள்ளிவிடேக்க, எங்கட புஸ்பராணி கட்டுற சீலையையே தந்திருக்கிறா."

புஸ்பராணிக்கு முகம் சுட்டது.

மாரி மழைக்குக் கான் வாய்க்கால் முழுக்கப் பிளாஸ்டிக் சொப்பிங் பாக் அடைத்து, வெள்ளம் வீடுகளுக்குள் ஏறி, ஒழுங்கையில் நாலு பேர் டெங்குக் காய்ச்சலில் படுத்த பிறகுதான் சங்கம் அந்த முடிவை எடுத்தது. வீட்டுக்கு ஒரு சீலை தரவேணும். இராசமலர் பை தைப்பாள். நானா இனிச் சொப்பிங் பாக்கே குடுக்கமாட்டார். கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசி எல்லாரையும் சம்மதிக்க வைத்தவள் புஸ்பராணிதான்.

ஆனால் அவள் குடுத்தது, பெட்டி அடியில் கிடந்து இத்துப்போன ஒரு ஊதாச் சீலை. அது இராசமலருக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும்.

அப்படியென்றால் மயில்கழுத்தை எடுத்துக் குடுத்தது ஆர்?

வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவளும் புருசன் சின்னராசாவும்.

இராசமலர் போன வருசம்தான் சண்டைக்குள் இலங்கைத்துறையிலிருந்து சின்ன மகளோடு ஓடிவந்தவள். புருசன் இல்லை. முப்பது வயசுகூட ஆகவில்லை. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். வந்த நாளிலிருந்தே புஸ்பராணிக்கு அந்தக் குழியைப் பிடிக்கவில்லை. போன மாதம் இராசமலரின் தையல் மெசின் இறுகிப்போச்சென்று சின்னராசா எண்ணெய் விடப் போனது இப்போது ஞாபகம் வந்தது. வீட்டில் கதவுப் பிணைச்சல் கிறீச்சிட்டு ஒரு வருசம். அதுக்கு அந்த மனுசன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

பின்னேரம் துறைமுக வேலை முடிந்து சின்னராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ர மயில்கழுத்துச் சீலை எங்க?"

"அலுமாரிக்குள்ள கிடக்கும், பார்."

"அது இராசமலரின்ர கையில தொங்குது. பார்த்திட்டுத்தான் வாறன்."

சின்னராசா சைக்கிளைச் சுவரில் சாத்தினான்.

"ஓம். நான்தான் குடுத்தனான்."

"பொண்டாட்டியின்ர சீலையை எடுத்துக் குடுக்கிற அளவுக்கு என்ன உறவு? அந்தக் கன்னத்துக் குழிக்குள்ள விழுந்திட்டீங்களோ?"

"மெல்லக் கதை."

"ஏன் மெல்லக் கதைக்கவேணும்? நாளைக்குச் சங்கத்தில சொல்லி அவளை இந்த ஒழுங்கையை விட்டே கலைக்கிறனோ இல்லையோ பாருங்கோ!"

சின்னராசா கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். பத்து நாளைக்கு முந்தி, வேலை முடிஞ்சு வரேக்க ஆமிச் சென்ட்ரியில செக்கிங் லைன். எனக்கு முன்னால இராசமலர், ஒரு கையில மகள், மற்றக் கையில பை. ஆமிக்காரன் பையைத் தூக்கிக் காட்டச் சொன்னவன். தூக்கினவுடன துணி அடியால பிளந்திட்டுது. பால்மா ரின் றோட்டில விழுந்து படாரெண்டு சத்தம். குண்டெண்டு நினைச்சு அவன் துவக்கை நீட்டிப்போட்டான்."

"ஐயோ…"

"நாங்கள் எல்லாரும் நிலத்தில விழுந்து படுத்திட்டம். அவள் மட்டும் பிள்ளையை மறைச்சுக்கொண்டு நிண்டாள். மற்ற ஆமிக்காரன் ஓடிவந்து துவக்கைத் தட்டிவிட்டபடியால் ஒண்டும் நடக்கேல்லை."

புஸ்பராணி கதிரைக்குக் கிட்ட வந்தாள்.

"கிழிஞ்ச பை ஊதா நிறம்" என்றான் சின்னராசா.

அவள் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"தைக்கேக்கயே அவளுக்குத் தெரியுமாம், துணி இத்துப்போச்செண்டு. மற்றாக்களுக்குக் குடுத்தா உன்ர பேர் கெட்டிடும் எண்டு, ரெண்டு மடிப்பாத் தைச்சுத் தனக்கு வைச்சிருந்தவள். 'அக்கா பார்க்காமல் தந்திருப்பா அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' எண்டாள். எனக்குத்தான் அவளின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சுது. அடுத்த நாள் மயில்கழுத்தைக் கொண்டுபோய்க் குடுத்து, ஆர் கேட்டாலும் நீ தந்தது எண்டு சொல்லச் சொன்னனான்."



பிறகு புஸ்பராணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அலுமாரிக்குள்ள பத்துப் பன்னிரண்டு சீலை கிடக்குதே. அதுகளை விட்டிட்டு ஏன் அதை எடுத்தீங்கள்?"

"மற்றதெல்லாம் உன்ர அண்ணன்மார் எடுத்துத் தந்ததுகள்" என்றான் சின்னராசா. "நான் எடுத்துத் தந்தது அது ஒண்டுதான் புஸ்பம். கேக்காமல் கை வைக்க எனக்கு உரிமை இருந்ததும் அது ஒண்டிலதான்."