கறுப்பு மிஞ்சாத மந்தை

வெள்ளைச் செம்மறிக்குக் கறுப்பாய் ஒரு குட்டி பிறந்தது. பார்த்ததும் வெள்ளைக் கிடா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எங்க வம்சத்துலயே கறுப்பு கிடையாது. இது யார் குட்டி?"

"உங்க குட்டிதாங்க. கறுப்பு நம்ம ரெண்டு பேருக்குள்ளயும் ஒளிஞ்சு கிடந்திருக்கு. உங்ககூடப் பொறந்தவரும் கறுப்புதானே, மறந்துட்டீங்களா?"

"எனக்கு அப்படி யாரும் இல்ல" என்றது கிடா.

கறுப்பாகப் பிறக்கிற குட்டிகளைச் சாமிக்கு நேர்ந்து வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். அதனால் மந்தையில் யாருக்கும் கறுப்பு உறவே மிஞ்சவில்லை. அந்த வருஷக் கோயில் கொடைக்கு இந்தக் கறுப்புக் குட்டியும் மாலையோடு போனது.

மறுவருஷம் இரண்டு குட்டிகள், இரண்டும் வெள்ளை.

"பாத்தியா, இதுதான் என் ரத்தம்!" என்று கிடா துள்ளியது.

தாய் இரண்டையும் மாறி மாறி மோந்து பார்த்தது. எதற்குள் கறுப்பு ஒளிந்திருக்கிறதோ! தாய்க்கு மடியில் பால் இறங்கவில்லை.